ஃபியூஸை இடுப்பில் செருகியவர்

அடுத்த வீட்டுக்காரி மருமகன் வயர்மேனா, அஞ்சல? எனக்கும் ஒரு வயர்மேனைத் தெரியும்லா. ஜப்பான்காரன் இங்க ஆண்ட காலத்துல, காஹாங் ரப்பர் எஸ்டேட் பங்களாவுல நான் வேலை பாத்தப்ப. பேரு தெரியாது. முன்பல்லு ரெண்டும் இல்ல, பேசினா பாதி காத்துதான் வரும்.

ஜப்பான் அதிகாரி குளிக்கிற தொட்டியில, தண்ணி சுட வைக்கக் கரண்டு கம்பி மாட்டினது அவருதான். தெனமும் சூடானதும் ஃபியூஸைப் புடுங்கி இடுப்புல செருகிக்குவாரு. அப்புறம்தான் யாரையும் கிட்ட விடுவாரு. இத்தனைக்கும் அவரு மவனை, போனா உசுரு மிஞ்சாத சயாம் ரயில்பாதை வேலைக்குப் புடிச்சுக் குடுத்ததே அந்த அதிகாரிதான்.

“ஒருநாள் மறந்தாப்பல விட்டுட்டா, அவன் தண்ணியிலயே செத்துருவானே அண்ணே?”ன்னு கேட்டேன்.

“அவன் எறங்குறதுக்கு முந்தி, சூடு பாக்கக் கைய விடுறது நீதானே, பிள்ள”ன்னாரு.

நான் அங்க வேலையில இல்லாட்டி என்ன பண்ணிருப்பாரோ. அதான் இன்னிக்கும் மனசக் கொடையுது. இரு, பால் பொங்குது.