மீன் கடை ஐஸ்

தொண்ணூறுகளில் ஒரு சித்திரை மாதம், மதுரையில் என் மாமியாருக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்தபின், வீக்கம் வடிய அடிக்கடி ஐஸ் வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

ஒருநாள் ஊர் முழுக்கக் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மத்தியானத்துக்குள் ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸெல்லாம் தண்ணீர். முழங்கால் வீங்கி, அத்தை முனகிக்கொண்டே இருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சர்பத் கடைகளில் அலைந்தேன், இல்லை. கடைசியில் கிடைத்தது மீன் கடையில்தான்.

அத்தையோ, ஆண்டாளைச் சேவிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். மீன் கடை இருக்கிறதென்று அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவர். தூக்குவாளியோடு ஓடிவந்த நான், வாசலில் நின்றுவிட்டேன். சொல்லிவிட்டு வைப்பதா, சொல்லாமல் வைப்பதா? படியேறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏட்டி, அங்ஙன என்ன பண்ணுத?"

"ஐஸ் கெடச்சிருச்சு அத்தை. ஆனா மீன் கடையில வாங்குனது."

"வாடை அப்பமே வந்துட்டு. அதைச் சொல்லவா இம்புட்டு நேரம்? வலி உயிர் போகுது, கொண்டா."

துண்டில் சுற்றி முழங்காலில் வைத்தேன். இறுகியிருந்த அவர் முகம் மெல்லத் தளர்ந்தது.

"இன்னுங் கொஞ்சம் வையி," என்றார்.

வாளிக்குள் கைவிட்டேன். வெறும் தண்ணீர். வெயிலில் கரைந்தது கொஞ்சம்தான்; மிச்சமெல்லாம் நான் வாசலில் நின்றபோது கரைந்தது.