தாம்பரம் கடையில் சொன்ன பொய்

தாம்பரத்தில் ஒரு கடையில் எனக்குக் கம்ப்யூட்டர் பொருத்திக்கொடுத்த செல்வி அக்கா, “ஓவர்கிளாக் பண்ணி வேகத்தைக் கூட்டுறதா இருந்தா ப்ராசசருக்குப் பெரிய கூலர் வாங்கு தம்பி. இந்தச் சின்னது அந்தச் சூட்டுக்குத் தாங்காது” என்றார். நீல விளக்கு எரியும் சின்னக் கூலர்தான் எனக்குப் பிடித்தது. அதையே வாங்கினேன்.

மறுநாளே வேகத்தைக் கூட்டினேன். ப்ராசசர் எரிந்துபோனது.

கடை முதலாளியிடம், “நான் ஒண்ணுமே பண்ணல சார், தானா அணைஞ்சிடுச்சு” என்றேன்.

அவர் அக்காவிடம் திரும்பினார். “கூலருக்கு அடியில, சூட்டைக் கடத்துற பேஸ்ட்டை ஒழுங்கா தடவினியாம்மா?”

“தடவினேன் சார்” என்றவர், கொஞ்சம் யோசித்து, “அவசரத்துல விட்டுட்டேனோ என்னவோ” என்றார்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். கடையில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாரண்டி பில்லை எடுத்து நீட்டினேன்.

அக்கா தலைநிமிராமல் புது ப்ராசசரைப் பொருத்தினார். “சாரி தம்பி, என் தப்புதான்.”

“பரவால்லக்கா” என்றேன்.

பொய் சொன்னதைவிட, அவரை நான் மன்னித்ததை நினைத்தால்தான் இன்றும் மனம் கூசுகிறது.