கடன் கொடுத்தவர்களுக்கு வடித்த சோறு

பூதலூர்ப் பக்கம் ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த துரைராசுவுக்கு, கேட்டால் கடன் கொடுத்துவிடத் தோன்றும் முகம். அதுவே அவனுக்கு வினையாகப் போயிற்று. மகள் கல்யாணத்துக்குக் கூத்தாநல்லூர் மீரா சாகிப் கடையில் புடவை எடுத்தான். உரக்கடை கண்ணுசாமியிடம் உரம் வாங்கினான். சம்பாவை வெள்ளம் கொண்டுபோனது. நிலத்துக்காரர் இராஜாங்கத்துக்குக் குத்தகை நெல் அளக்க முடியவில்லை.

உழுகிறவனை நிலத்தை விட்டு இறக்க முடியாது என்று ஆளுங்கட்சிக்காரர்கள் மேடை போட்டுப் பேசிய காலம் அது. செங்கொடிச் சங்கத்தார் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். பாக்கி வைத்தவனை இறக்கலாம் என்பதை இராஜாங்கம் மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆற்றில் தண்ணீர் வரப்போகிற சமயம், கண்ணுசாமி ஒரு யோசனை சொன்னார். தன்னையும் சேர்த்துக் கடன் கொடுத்த மூவரையும் கூட்டி உட்கார வைப்பது. வட்டியைத் தள்ளி, அசலை மட்டும் குறுவையிலிருந்து போகத்துக்குக் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளச் சொல்வது. மூவரும் கையெழுத்துப் போட்டால் நிலம் தங்கும். இராஜாங்கம் மாட்டேன் என்றால் கேஸ்தான், நிலம் போய்விடும்.

"கூப்புடுறவன் வீட்ல சோறு போடணும்யா. வெறும் வாயோட உக்கார வச்சா எவன் வட்டிய விடுவான்?" என்றார் கண்ணுசாமி.

துரைராசு மனைவி ஞானாம்பாளிடம் சொன்னான். அவள் உரலைக் கழுவினாள்.

மூவரும் வந்தார்கள். கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பூப்போல வெள்ளைச் சோறு. இராஜாங்கம் மூன்றாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு, இலையை உற்றுப் பார்த்தார்.

"பச்சரிசில்ல இது? விசேஷ வீட்லதான் பச்சரிசி போடுவாங்க. அளக்க நெல்லு இல்லங்குறான், இலையில இது விழுது. எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?"

துரைராசு அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று அவனுக்கும் தெரியாது.

"கேஸ் போட்டுக்குறேன். நீங்க ரெண்டு பேரும் உங்க பாட்டப் பாத்துக்குங்க" என்று இராஜாங்கம் இலையை மடித்தார்.

ஞானாம்பாள் சோற்றுக் கரண்டியோடு வந்து நின்றாள். "ஒளிச்சு வைக்கலீங்க. குறுவைக்கு வச்சிருந்த வெதநெல்லு. அவிச்சுக் காய வைக்க நேரமில்ல, அப்படியே குத்திட்டேன். மாசியிலேருந்து அதுலதாங்க கஞ்சி. மிச்சம் இருந்தது இன்னைக்கு உங்க இலைக்கு வந்துடுச்சு. குதிரு காலிங்க, வேணும்னா வந்து பாருங்க."

யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கண்ணுசாமி கையிலிருந்த உருண்டையை இலையில் வைத்துவிட்டார்.

மீரா சாகிப் தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்து, நிதானமாகப் பேசினார். "குறுவையில வாங்கிக்கலாம்னு வந்தோம். குறுவையத் தின்னுட்டோம். நான் ஜவுளிக்காரன், எனக்கு ஒண்ணும் இல்ல. குத்தகக்காரன் வெதநெல்ல மிராசுதாரு மூணு தடவ வாங்கிச் சாப்ட்டாருன்னு சங்கத்துல போர்டு எழுதுனா, உங்களுக்குத்தான் நல்லா இருக்காது."

இராஜாங்கம் வெகுநேரம் கை கழுவினார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். "வெத என் களஞ்சியத்துலேருந்து வரும். அதையும் கடன்ல எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் துரைராசு, "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றான்.

"சொன்னா நீங்க கஞ்சி குடிச்சிருக்க மாட்டீங்க."

அவனுக்கு அழுகை வந்தது. ஐந்து மா தன்னிடமே இருக்கிறது என்பதாலா, விதையைத் தின்றுவிட்டோம் என்பதாலா என்று அவனுக்கே பிடிபடவில்லை. ஞானாம்பாள் பானையைச் சுரண்டி ஒரு கை சோறு எடுத்து வைத்தாள். அவன் வேண்டாம் என்றான்.

"சாப்புடுங்க. இனிமே இத வெதைக்கவா போறோம்?"

அவன் உட்கார்ந்து சாப்பிட்டான்.