அம்சம் கொட்டிய மழை

கயல்விழி என்ற பெயரை அம்சம் முதலில் கேட்டது, தங்கை மகளுக்குப் பெயர் வைத்த அன்று. வாயில் நுழையாமல் கயலு என்று சுருக்கிய புத்திசாலி அம்சம்தான்.

கயலுக்கு, செயற்கைக்கோள் சொல்லும் மழையைத் தரையில் அளந்து சரிபார்க்கும் வேலை கிடைத்தது. நீடாமங்கலத்தில் அம்சத்தின் கொல்லையில் மழைமானி வைத்து, வாரம் ஒருமுறை அளக்க வருவாள்.

ஐப்பசியில் வந்தவள் முகம் வாடியது. “பெரியம்மா, செயற்கைக்கோள் நூறு மில்லிமீட்டர்ங்குது, மானியில அஞ்சுதான் இருக்கு. செயற்கைக்கோள் தப்புன்னு எழுதப்போறேன். இதுதான் என் முதல் அறிக்கை.”

“எழுதாதடி! தண்ணி தேங்கினா டெங்கு வரும்னாங்களேன்னு, கொட்டாங்கச்சித் தண்ணியோட மானித் தண்ணியையும் தினம் கொட்டினது நான்தான்.”

“என் வேலைக்கே உலை வச்சிருப்பீங்களே!”

ஊரிலேயே தன் கொல்லைதான் சுத்தம் என்று பீற்றிக்கொண்டிருந்த அம்சம், மானியைத் தானே எடுத்துக் கயலு கையில் கொடுத்தாள்.

மழைமானி இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. கயலு தஞ்சாவூரில் அதே வேலையில் இருக்கிறாள்.