வெர்னியர் வைத்து அளந்த பாட்டு

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வல்லம் வடகாலில் என் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இன்று நாற்பத்தாறு பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் இன்ஜினியரிங் படித்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் நான்தான் பெட்டி மடிக்கக் கற்றுக்கொடுத்தேன். ஒரகடத்திலிருந்து வெளியூர் போகிற கார் பிரேக்கும் கார் கண்ணாடியும் பாதிக்குமேல் என் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் போகின்றன. நான் ஓகே போட்ட சரக்கு ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. போன வருஷம் வரைக்கும்.

பென்னலூரில் என் வீட்டு மாடியில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். மூவரும் தென்காசிப் பக்கம். செல்போன் செய்கிற கம்பெனியில் லைன் வேலை, ஒப்பந்தம் மூன்று வருஷம். அதில் மூத்தவள் ஒருநாள் கம்பெனிக்கே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, பாட்டுக்கு உறை செஞ்சு தருவியளா?"

"பாட்டுக்கு இன்னாத்துக்குமா உறை?"

ஒரு அடி அகலத்துக்குக் கைகளை விரித்துக் காட்டினாள். இசைத்தட்டு. மூவரும் சேர்ந்து எழுதிப் பாடுகிற எட்டுப் பாட்டுகள். மும்பைப் பக்கம் ஒரு ஃபேக்டரி தட்டு அச்சடித்துத் தருகிறதாம். முந்நூறு தட்டு. உறை மட்டும் என் பழுப்பு அட்டையில் வேண்டும். அதுவும் பெட்டியின்மேல் நான் போடுகிற குடை, கண்ணாடி டம்ளர், மேல்நோக்கிய அம்புக்குறி எல்லாம் அப்படியே வேண்டும் என்றாள். நாங்கள் செய்கிற போனும் இந்தப் படம் போட்ட பெட்டியில்தானே போகிறது அண்ணாச்சி, எங்கள் படமும் அதுதான் என்றாள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. "போன்லியே பாட்டு கேக்கறாங்க எல்லாம். தட்ட வாங்கி இன்னா பண்றது, தோசையா ஊத்தறது?"

அவள் சிரிக்கவில்லை. "மூணு வருசமா போன் செய்யுதோம். எத்தன ஆயிரம் போயிருக்கும். ஒண்ணுமேலயாவது எங்க பேரு இருக்கா? நாங்க செஞ்சதுன்னு ஒரு பொருளு கையில எடுத்துட்டு ஊருக்குப் போவணும். ஒப்பந்தம் முடிய ரெண்டு மாசந்தான் இருக்கு. அதுக்குள்ள தட்டு வரலன்னா ஆளுக்கொரு ஊரா போயிருவோம், பெறவு யாரு சேந்து வெளியிட?"

உறையை ஒப்புக்கொண்டேன். பேசும்போதே அவள் போனை எங்கள் தையல் மெஷின் பக்கம் நீட்டிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். பெட்டி ஓரத்தில் கம்பி அடிக்கிற மெஷின் அது, டக்டக் என்று நாள் முழுக்க அடிக்கும். என்னத்துக்கு என்று கேட்டேன். தாளத்துக்கு என்றாள். என் ஆட்களைத் தூங்கவிடாத அந்தச் சத்தத்தில் இவளுக்கு என்ன தாளம் கிடைத்தது என்று இரண்டு நாள் மெஷின் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். பிடிபடவில்லை.

மொத்தமாக அச்சடிப்பதற்குமுன் மும்பையிலிருந்து மாதிரித் தட்டு அனுப்புவார்கள். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மீதி ஓடும். எங்கள் தொழிலிலும் இதே வழக்கம்தான். முதல் பீஸ் ஓகே ஆகாமல் மெஷினை ஓட்டமாட்டோம். பெண்கள் பகலில் ஷிஃப்டில் இருப்பதால் கூரியருக்கு என் விலாசத்தையும் என் நம்பரையும் கொடுத்திருந்தார்கள்.

தட்டு வந்த அன்று மும்பைக்காரர் போன் செய்தார். தமிழ் பேசுகிற ஆள். இன்றைக்கே ஓகே கிடைத்தால் நாளை மறுநாள் ஓட்டிவிடலாம், இல்லாவிட்டால் வேறு வேலை ஏறிவிடும் என்றார். பெண்களுக்கு ஒருநாள் மிச்சம் செய்து கொடுப்போமே என்று தட்டை வெளியே எடுத்தேன்.

முறைப்படிதான் செய்தேன். ஸ்டீல் ஸ்கேலில் அகலம் பார்த்தேன், சரி. வெர்னியரில் தடிமன் பார்த்தேன், நாலு இடத்தில், நாலும் ஒன்று. நடு ஓட்டை வட்டம் பிசகாமல் இருந்தது. கண்ணாடி மேஜைமேல் வைத்து வளைவு பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துக் கோடுகளையும் பார்த்தேன். ஒரு கீறல் கிடையாது. அவ்வளவு சுத்தமான சரக்கை நான் பார்த்ததில்லை. கூடவே வந்த தாளில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பாட்டக் கேட்டீயளா அண்ணாச்சி?"

"ஒரு புள்ளி வளைவு இல்ல. ஓட்ட கரெக்டா நடுவுல கீது."

"கேட்டீயளா?"

"கேக்கறதுக்கு மெஷின் ஏதுமா நம்மகிட்ட?"

அவள் தட்டை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அவளுக்கு வார விடுப்பு. குன்றத்தூரில் எனக்குத் தெரிந்த மைக் செட் கடைக்காரரிடம் இன்னும் ஓடுகிற பழைய பிளேயர் ஒன்று இருந்தது. காலையிலேயே என் வண்டியில் அழைத்துப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அந்த ஆள் கடைக்கு வந்திருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார்.

"பாருங்கய்யா, முதலாளி பாட்ட வெர்னியர் வெச்சி அளந்துகினு வந்துகிறாரு. சுருதி எத்தினி மில்லி இருந்திச்சி முதலாளி?"

தட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். ஊசியை வைத்தார்.

முதல் பக்கம் அருமையாக வந்தது. இரண்டாவது பாட்டில் டக்டக் என்று ஆரம்பித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் இரண்டாம் நம்பர் மெஷின், ஒவ்வொரு நாலாவது அடியிலும் கொஞ்சம் இழுக்கும். அதன்மேல் மூன்று குரலும் ஏறி நின்றன. அந்த இழுவையைச் சரிசெய்ய மெக்கானிக்குக்குச் சொல்லி வைத்திருந்தேன். வரவேண்டாம் என்று சொல்லிவிட முடிவு செய்தேன்.

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு வந்தது. மூவரும் உச்சத்தில் சேர்ந்து பாடுகிற பாட்டு. குரல் மணலில் தேய்த்ததுபோல் கரகரத்தது. 'ச' வருகிற இடமெல்லாம் யாரோ துப்புகிறதுபோல் இருந்தது. ஊசி பழசு என்று நினைத்து, அதே ஊசியில் முதல் பாட்டை மறுபடி வைத்தோம். அது சுத்தமாகப் பாடியது.

பாட்டுகளைப் பதிவு செய்து சேர்த்துக் கொடுத்த ஆளுக்கு அவள் போன் போட்டாள். பேசி முடித்துவிட்டு, "உள்ள போகப் போக எடம் கம்மியாம் அண்ணாச்சி. சத்தமான பாட்ட அங்க வச்சது எங்க தப்பு" என்றாள்.

எனக்கு அது எப்படி என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. கடைக்காரரிடம் சணல் வாங்கித் தட்டின் வெளிக்கோட்டைச் சுற்றி வைத்து அளந்தேன், மூன்றடி. நடுவில் கடைசிக் கோட்டைச் சுற்றி அளந்தேன், ஒன்றேகால் அடி. தட்டு ஒரு சுற்று சுற்ற இரண்டுக்கும் ஒரே நேரம். அப்படியானால் மூன்றடிச் சரக்கை ஒன்றேகால் அடிப் பெட்டிக்குள் திணித்திருக்கிறோம். நசுங்காமல் என்ன செய்யும்? இதை நாலாம் வகுப்புக்காரன் நானாகவே கண்டுபிடித்தேன்.

"எட்டுல எதுமா சின்ன சாமான்?" என்றேன்.

அவள் யோசித்தாள். "கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிற பாட்டு. ஒத்தக் குரலுதான், மெதுவா வரும்."

"அத்த உள்ள போடு. பெரிய சாமான வெளிய எடுத்துக்கினு வா."

மும்பைக்குத் தானே பேசுவதாகச் சொல்லி அவள் போனை எடுத்தாள். வேண்டாம் என்று நானே போட்டேன். கையெழுத்து என்னுடையது.

"சார், நேத்துதானே ஓகே குடுத்தீங்க. நாளைக்கு மெஷின்ல ஏத்தப்போறோம்."

"நிறுத்துங்க. ரிஜெக்ட்."

"காரணம் என்னன்னு எழுதட்டும் சார்?"

கடையில் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அளந்தேன், கேக்கலன்னு எழுதுங்க."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு, இன்று சாயங்காலத்துக்குள் பாட்டுகளின் புது வரிசை வந்தால் பத்து நாளில் அடுத்த மாதிரி அனுப்புவதாகச் சொன்னார். கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவள் வரிசையை மாற்றி அனுப்பி முடித்தாள்.

என் கம்பெனியில் முந்நூறு உறையும் பாட்டுகளின் பழைய வரிசையோடு அச்சாகி வெட்டுப்பட்டுக் கிடந்தன. நல்லவேளை, ஒட்டவில்லை. அட்டைக்கு இரண்டு பக்கமும் பழுப்புதான். எல்லாவற்றையும் மறுபக்கம் திருப்பிப் படங்களோடு புது வரிசையை அச்சடித்து, எதிர்ப்பக்கமாக மடித்து ஒட்டச் சொன்னேன். இப்போது உறைக்குள் எட்டிப் பார்த்தால் தப்பான வரிசை தெரியும். மறைக்க ஒரு தாள் ஒட்டலாமா என்று சூப்பர்வைசர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

இரண்டாவது மாதிரியை நான் பிரிக்கவே இல்லை. மூவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார்கள். குன்றத்தூர் கடையில் இரண்டு பக்கமும் ஓடியது. கடைசியில் பஸ்ஸுக்கு நிற்கிற பாட்டு, ஒற்றைக் குரல், நடுவில் அந்தச் சின்ன இடத்தில் இடிபடாமல் உட்கார்ந்து முடிந்தது. ஊசிக்கடியில் தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் தாளை என் பக்கம் நீட்டினாள். "சொல்லுங்க அண்ணாச்சி, ஓகேயா?"

"இன்னொரு வாட்டி போடச் சொல்லு" என்றேன். மறுபடி முழுசாகக் கேட்டுவிட்டுத் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். மூவரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

அவர்கள் ஊருக்கு பஸ் ஏறுவதற்கு நாலு நாள் முன்னால் தட்டுகள் வந்து சேர்ந்தன.