மண் மூடிய அடுப்பு

சித்திரை மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கு ஈச்சங்காட்டுக் காப்புக்காட்டின் கேட்டருகே நின்று, நாகமுத்து தன் சொந்த ஜனங்களின் மடியைச் சோதித்துக்கொண்டிருந்தான்.

அவன் காலடியில் ஒரு பிரம்புக் கூடை. அதற்குள் முப்பது நாற்பது வத்திப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் சாக்கட்டியால் ஒரு குறி. திரும்பும்போது அவரவர் பெட்டியை அவரவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

"இன்னா மச்சான், ஊட்டாளுங்களையே திருடன் கணக்கா தடவுறே" என்றார் மாரியப்பன். நாகமுத்துவின் அக்கா குப்பாயியின் புருஷன் அவர். அவர்களுடைய மீனவக் குப்பத்தில், கடலில் விட்ட கரைவலையைக் கரையில் நின்று இழுக்கும் கூட்டத்துக்குத் தலைவர்.

"வத்திப்பொட்டிய எடு மாமா."

"என்கிட்ட ஏது?"

"காதுல பீடி சொருகிக்கினு கீறியே, அத்த வாயால ஊதியா பத்தவைப்பே?"

வரிசை சிரித்தது. மாரியப்பனும் சிரித்துக்கொண்டே வேட்டி மடிப்பிலிருந்து பெட்டியை எடுத்துக் கூடையில் போட்டார். அடுத்து நின்றது குப்பாயி. தலையில் பித்தளைப் பானை, அதன் வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. சாமிக்குப் பொங்கும் பானையைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமில்லை. அதிலும் அக்காவின் பானை. நாகமுத்து வழிவிட்டான்.

அவன் செய்த தப்புகளில் இது சின்னது.

கேட்டை ஒட்டிய தகரப் பலகையில் விதிகள் எழுதியிருந்தன. மாசி முதல் ஆனி முடியக் காட்டுக்குள் நெருப்பு கூடாது. அம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை மட்டுமே அனுமதி. சமையல் கேட்டுக்கு வெளியே குளக்கரையில். மாலை நான்கு மணிக்குள் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். முந்தின கோடையில் யாரோ போட்ட நெருப்பில் பத்து ஏக்கர் தைல மரக்கன்று கருகிப்போனதும், ரேஞ்சர் ஸம்பத்குமார் கோடை முழுவதும் கோயிலை மூடிவிடுவதாக இருந்தார். அவர் திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். சாமி கும்பிட வருகிறவர்களைத் தடுக்க அவருக்கு மனசில்லை. காடு எரிவதைப் பார்க்கவும் மனசில்லை.

"எங்க ஜனங்களுக்கு நான் பொறுப்பு சார். ஒரு பொறி விழாது" என்று நாகமுத்து சொன்னான்.

ரேஞ்சர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "விழுந்தா?"

"அப்ப மூடிடுங்க சார். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

இது நடந்தது 1971 மாசியில். அந்த ஒரு வாக்கின் மேல்தான் இப்போது நூற்றைம்பது பேர் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். பழவேற்காடு ஏரியைப் படகில் கடந்து, சுண்ணாம்புக்குளத்தில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் வந்தவர்கள். அம்மனுக்குப் பொங்கல் வைக்காமல் அவர்கள் புது வலையைத் தண்ணீரில் போடுவதில்லை.

நாகமுத்துவும் வலை போட்டவன்தான். இருபத்தெட்டு வயது வரை தண்ணீரைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது. ஒருநாள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தபோது திருக்கையின் வால்முள் வலது குதிகாலில் ஏறியது. நான்கு மாதம் புண் ஆறவில்லை. ஆறிய பிறகும் ஈரத்தில் அரைமணி நின்றால் கால் மரத்துப்போகும். தண்ணீரில் நிற்க முடியாதவனுக்குக் குப்பத்தில் என்ன வேலை? கும்மிடிப்பூண்டியில் காட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1963 கோடையில் தீ வாட்சராகச் சேர்ந்தான். கோடைக்கு மட்டும் வேலை. ஆனி முடிந்தால் நிறுத்திவிடுவார்கள், மறு மாசியில் கூப்பிடுவார்கள். எட்டு கோடைகளாக மாசி பிறந்ததும் அவன் கேட்டுக்கு வந்துவிட்டான். குப்பத்தில் அவனுக்கு 'காட்டான்' என்று பெயர் வைத்தார்கள். அதில் கேலி பாதி, பெருமை பாதி.

பதினொரு மணிக்குப் பூசை முடிந்து கூட்டம் குளக்கரைக்குத் திரும்பியது. நாகமுத்து கூடையைத் திறந்து வைத்தான். பெண்கள் கல் கூட்டினார்கள், சுள்ளி வைத்தார்கள். முதல் அடுப்பு பற்றிக்கொண்டபோது குப்பாயி தம்பியைத் தேடி வந்தாள். அவள் கையில் வாழை இலைத் துண்டு.

"காலைலேர்ந்து நின்னுக்கினே கீறியே, நாஷ்டா துன்னியா நீ? இந்தா, அம்மா பிரசாதம்."

பசியில் ஒரு வாய் அள்ளிப் போட்டான். வெல்லம் நாக்கைச் சுட்டது. மெல்லுவதை நிறுத்திவிட்டுக் குளக்கரையைப் பார்த்தான். அங்கே ஒரு பானைகூட இன்னும் கொதிக்கவில்லை.

"அக்கா, இத்த எங்க பொங்குனே?"

குப்பாயி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அக்கா, உன்னத்தான் கேக்குறேன்."

"மொதப் பானை அம்மா கண்ணெதுர பொங்கணும்டா. குளத்தங்கரைல பொங்குனா அம்மாவுக்குத் தெரியுமா? கோயிலு பின்னால சின்னதா ஒரு அடுப்பு. அரைப்படி அரிசி. அதுக்கு இன்னா இப்போ?"

"நெருப்பு ஏது?"

அவள் பானைக்குள் மறைத்துக் கொண்டுபோனது தென்னைநார்க் கயிற்றுத் திரி. படகில் பீடி பற்றவைக்க மணிக்கணக்காகக் கனிந்துகொண்டே வரும் அதே திரி. அவனும் ஒரு காலத்தில் திரித்ததுதான்.

"பேஜாரு பண்ணாத தம்பி. அப்பியே அணைச்சிட்டேன். மண்ணு போட்டு நல்லா மூடி, மிதிச்சிட்டுத்தான் வந்தேன். துளி பொகை இல்ல."

"தண்ணி ஊத்துனியா?"

"அம்மா அடுப்புல எவனாவது தண்ணி ஊத்துவானா?"

நாகமுத்து இலைத் துண்டை அவள் கையிலேயே திருப்பி வைத்தான். குப்பத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சாமி அடுப்பைத் தண்ணீர் விட்டு அணைத்தால் குடும்பத்துக்கு ஆகாது. மணல் போட்டு மூட வேண்டும். கடற்கரையில் அது சரி. அடியிலும் மணல், மேலேயும் மணல். நெருப்புக்குத் தின்ன எதுவும் இல்லை. காட்டுத் தரை வேறு. மேலே ஒரு விரற்கடை மண், அதற்குக் கீழே வருஷக்கணக்காக உதிர்ந்து மக்கிய சருகு, செத்த வேர். மூடிய நெருப்பு அங்கே அணையாது. பூமிக்குள் ஊர்ந்து போய் வேறு இடத்தில் தலைகாட்டும்.

வேலைக்கு வந்த முதல் கோடையில் அவனே தன் சோற்றடுப்பை அப்படி மூடியவன். மறுநாள் விடிந்தபோது இருபதடி தள்ளி ஓர் ஈச்சந்தூறு எரிந்துகொண்டிருந்தது. அன்று பாரஸ்டர் பேசிய பேச்சு இன்னும் காதில் இருந்தது. ஆனால் இந்த எட்டு வருஷத்தில் குப்பத்தில் ஒருவரிடமும் அவன் அதைச் சொல்லவில்லை. நெருப்பே கூடாது என்று சொல்கிறோம். அணைக்கும் விதத்தை எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டான்.

"மாமா" என்று கத்தினான். "வண்டில கீற கயிறு எல்லாத்தயும் எடு. ஆம்பளைங்க அத்தினி பேரும் வாங்க. பொம்பளைங்க குடத்துல தண்ணி மொண்டுக்கினு பின்னால வாங்க."

"இன்னாத்துக்கு?"

"வா மாமா, போய்க்கினே சொல்றேன்."

கோயில் முக்கால் மைல். குதிகால் வலிக்க வலிக்க ஓடினான். காலையிலிருந்து அடித்த அனல் மேற்காற்று, பாதி வழியில் நின்றுபோனது. ஓர் இலை அசையவில்லை. பின்னால் ஓடிவந்த மாரியப்பனும் அதைக் கவனித்தார். கடலுக்குப் போகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேற்காற்று ஓய்ந்தால் கொஞ்ச நேரத்தில் கடல்காற்று உள்ளே புகும். தினமும் வலையோடு கரை திரும்ப அதற்காகத்தான் காத்திருப்பார்கள். இன்று அது வந்தால், கோயிலுக்கு மேற்கே தைல மரத் தோப்பு. அதற்கும் மேற்கே இருபது கூரை வீடு.

கோயிலின் பின்புறம் அடுப்பு மேடு சுத்தமாக இருந்தது. கல்லை நகர்த்தி, கையோடு கொண்டுவந்த மண்வெட்டியால் மண்ணைத் தள்ளினான். சாம்பல். அதற்கும் கீழே வெட்டினான். சருகு கறுத்துப் போயிருந்த பாதை ஒன்று வேப்பமரத்துப் பக்கம் திரும்பி, விரல் தடிமன் வேர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனது. கையை வைத்தான், சுட்டது. இன்னும் ஒரு முழம் தள்ளி வைத்தான், அங்கேயும் சுட்டது.

"தோ" என்றார் மாரியப்பன்.

பத்தடிக்கு அப்பால் ஈச்சம்புதரின் அடியிலிருந்து ஒரு நூல் புகை நேராக மேலே ஏறிக்கொண்டிருந்தது. குடங்கள் இன்னும் வந்து சேரவில்லை. பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு நாகமுத்து பாய்ந்தான். அவன் போய்ச் சேரும் முன் நூல் புகை மேற்கே சாய்ந்தது. கழுத்தில் ஈரக்காற்று பட்டது. புதர் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது.

தழையால் அடித்தால் நிற்கிற நெருப்பு இல்லை அது. இனி செய்யக்கூடியது ஒன்றுதான்: நெருப்புக்கு முன்னால் போய்ச் சருகை வழித்துத் தரையை வெறுமையாக்க வேண்டும். அகலமாக ஒரு கோடு. அதற்குச் சருகு வாரும் வாரி வேண்டும், இருபது ஆளுக்கு இருபது வாரி. கேட்டில் இருந்தது இரண்டு.

"மாமா, சூரை முள்ள வெட்டிக் கட்டு. அது மேல ரெண்டு கல்லு வை. கயித்த ரெண்டு பக்கமும் புடிச்சி இழுக்கணும். கரைவலை கணக்கா."

மாரியப்பனுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. முள்கட்டு தயாரானது. இரண்டு கயிறு, கயிற்றுக்குப் பத்துப் பேர். வலை இழுக்கும்போது கொடுக்கும் அதே குரலைக் கொடுத்தார். இருபது பேரும் ஒரே எட்டில் பின்னுக்குப் போனார்கள். முள்கட்டு சருகை வாரிக்கொண்டு நகர்ந்தது. அது போன தடத்தில் செம்மண் தெரிந்தது. தோப்பின் ஓரமாக ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை. நெருப்பு அவர்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. மூன்றாம் தடவை இழுக்கும்போது முன்னால் நின்றவர்களின் முகம் சிவந்து, புருவ மயிர் பொசுங்கும் வாடை அடித்தது. கயிற்றை யாரும் விடவில்லை. பெண்கள் வந்து சேர்ந்தார்கள். புடவைத் தலைப்பை நனைத்து, கோட்டைத் தாண்டி விழுந்த பொறிகளை ஒவ்வொன்றாக அடித்தார்கள். குப்பாயி குடம் குடமாக வாங்கி ஊற்றிக்கொண்டேயிருந்தாள்.

கோடு தாக்குப்பிடித்தது. ஒரு மணிக்கு நெருப்பு தின்ன வழியில்லாமல் உட்கார்ந்தது. முக்கால் ஏக்கர் புதர் போயிருந்தது. கோயில் வேப்பமரம் ஒரு பக்கம் கருகிவிட்டது. தோப்பு தப்பியது.

புகை அடங்கியதும் நாகமுத்து கேட்டுக் குடிசையில் தீப்பதிவேட்டைப் பிரித்து வைத்தான். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன, பேனா சரியாகப் பிடிபடவில்லை. மாரியப்பன் எதிரில் குந்தினார்.

"மாடு மேய்க்கிறவன் எவனோ பீடி போட்டுட்டான்னு எழுதிடு மச்சான். தோப்புக்கு ஒண்ணும் ஆவல. நாமளேதான் அணைச்சோம்."

"மாடு மேய்க்கிறவன் இன்னா பண்ணான் மாமா?"

"அப்ப கோயில மூடிடுவாங்கடா. உங்கக்காவாலதான்னு ஊரே பேசும். மூணு தலைமுறையா வந்துக்கினு கீறோம்."

வாசலில் குப்பாயி நின்றாள். புடவை ஓரம் தீய்ந்திருந்தது. அவள் கெஞ்சவில்லை. தம்பி என்ன எழுதப்போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் எழுதினான். எழுத்துக் கூட்டித்தான் எழுதத் தெரியும். ஐந்து வரிக்கு அரைமணி ஆயிற்று. காரணம் என்ற இடத்தில், பொங்கல் அடுப்பு, மண்ணால் மூடியது, நான் பானையைச் சோதிக்கவில்லை, எப்படி அணைப்பது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். நிமிர்ந்தபோது வாசலில் அக்கா இல்லை.

நான்கு மணிக்கு ஜீப் வந்தது. ரேஞ்சர் கருகிய இடத்தைச் சுற்றி நடந்தார். செம்மண் கோட்டின் அகலத்தைக் காலடியால் அளந்தார். பிறகு பதிவேட்டைப் படித்தார்.

"வேற ஏதாவது எழுதியிருக்கலாமே. உன்னை யார் கேட்டிருப்பா?"

"வேற எழுதுனா அடுத்த வருசமும் மண்ணு போட்டுத்தான் மூடுவாங்க சார்."

ரேஞ்சர் பதிவேட்டை மூடினார். "ரெண்டு கோடைக்குக் கோயில் மூடல். நீ சொன்ன வாக்கு."

"ஆமா சார்."

"மாசியில வேலைக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அந்த இரண்டு கோடையும் நாகமுத்து பூட்டிய கேட்டுக்குக் காவல் இருந்தான். குப்பத்தில் அவனோடு பேச்சு நின்றது. தை மாதம் குப்பாயியின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமனான அவனுக்குப் பாக்கு வைத்து அழைக்கவில்லை. மழைக்காலத்தில் ஊருக்குப் போனால், படகு கவிழ்த்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மாரியப்பன் மட்டும் ஒருநாள் சந்தையில் பார்த்து, "கால் எப்பிடி கீது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

1974 சித்திரையில் கேட்டைத் திறந்தார்கள். பலகையில் கடைசியாக ஒரு வரி கூடியிருந்தது: அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, சாம்பலில் கை வைத்துக் காட்ட வேண்டும்.

வருவார்களா என்றே நாகமுத்துவுக்குச் சந்தேகமாக இருந்தது. விதியைப் படித்தால் திரும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்தான். எட்டரைக்கு வண்டிச் சத்தம் கேட்டது. முதல் வண்டியிலிருந்து குப்பாயி இறங்கினாள். வரிசையில் வந்து, தலையிலிருந்த பானையை இறக்கி, மஞ்சள் துணியைத் தானே அவிழ்த்து, அவன் முகத்துக்கு நேரே சாய்த்துக் காட்டினாள். உள்ளே அரிசியும் வெல்லமும் இருந்தன. மறுபடி கட்டிக்கொண்டு போனாள்.

பகலில் குளக்கரையில் அவளுடைய பானை பொங்கியது. இறக்கினாள். மற்ற பெண்கள் தங்கள் அடுப்பைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குப்பாயி காட்டுப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள். குடத்தைத் தூக்கி அடுப்பில் ஊற்றினாள். சாம்பல் சீறி அடங்கியது. நாகமுத்து அருகில் போய் நிற்கும் வரை காத்திருந்தாள். பிறகு குனிந்து, வலது உள்ளங்கையைச் சேற்றுச் சாம்பலில் அழுத்தி வைத்தாள். எடுக்கவில்லை.

"போதும் அக்கா."

"இன்னும் கொஞ்சம் சூடு கீது" என்றாள் குப்பாயி. "இன்னொரு குடம் மொண்டாடா."

அவன் குடத்தை எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கினான்.