ஒரு வருட இடத்துக்குக் கொடுத்த தாலி

வங்காலையில் கருவாடு காயப்போட்டே மகளை டொக்டராக்கியவள் மெற்றில்டா. கணவன் இந்தியாவில், அகதி முகாமில் இறந்துபோனான். கைக்குழந்தை ஜூலியட்டோடு ஊர் திரும்பியவள் அவன் கட்டிய தாலியைக் கழற்றவில்லை. ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஜூலியட் அமெரிக்காவில் மயக்கமருந்து நிபுணராகப் படிக்க விண்ணப்பித்தபோது மெற்றில்டா காட்டுக் கோயிலில் இருக்கும் மடு மாதாவுக்கு நேர்ந்தாள்: இடம் கிடைத்தால் வெறுங்காலோடு நடந்து வந்து இந்தத் தாலியைக் காணிக்கை வைப்பேன்.

அங்கே ஆஸ்பத்திரிகளின் விருப்பத்தையும் டொக்டர்மாரின் விருப்பத்தையும் கணினி பொருத்திப் பார்த்துப் பங்குனியில் முடிவு சொல்லும். ஜூலியட் கேட்ட படிப்புக்கு முதலில் ஒரு வருடம் பொது வேலை, பிறகு மூன்று வருடம் அந்தத் துறை. இரண்டுக்கும் தனித்தனி இடம். அவளுக்கு அகப்பட்டது முதல் வருடம் மட்டும். மிச்சத்துக்கு அடுத்த பங்குனியில் மறுபடி கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஆனியோடு வேலையும் போச்சு, விசாவும் போச்சு.

"முதலாம் வருசத்துக்கு இடம் கிடைச்சிட்டுது அம்மா."

முதலாம் வருடம் முடிந்தால் இரண்டாம் வருடம் தானாக வரும் என்று மெற்றில்டா நினைத்தாள். யாழ்ப்பாணத்தில் மகள் படித்தபோது அப்படித்தானே நடந்தது? யார் அவளைக் குறை சொல்வது?

"அப்ப நேர்த்தியைக் குடுக்கட்டோ பிள்ளை?"

ஜூலியட் ஏதோ சொல்லத் தொடங்கி விட்டுவிட்டாள்.

"குடுங்கோ அம்மா."

ஆவணித் திருவிழாவுக்கு நடந்தாள். பாதம் வெடித்து இரத்தம் வந்தது. தாலியைக் கழற்றி மாதாவின் காலடியில் வைத்தாள். ஆனாலும் அன்று அவளைவிடச் சந்தோசமானவள் மடுக் காட்டில் இல்லை. ஊரில் நன்றிப் பூசையும் வைத்தாள். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவள் 'டொக்டரம்மா'.

அடுத்த பங்குனியில், மாலைச் செபம் முடிந்த கையோடு போன் அடித்தது.

"ஒரு இடமும் இல்லையாம் அம்மா." ஜூலியட் விம்மினாள். "அப்பவே ஒரு வருசத்துக்குத்தான் தந்தவை. எனக்குத் தெரியும். உங்கட சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரேல்லை. இந்தக் கிழமைக்குள்ள மிஞ்சின இடம் ஏதும் வரலாம். மாதாவிட்ட இன்னொருக்காக் கேளுங்கோ."

மெற்றில்டாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகள்மேலா, தன்மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. கை தன்பாட்டில் தாலி இல்லாத கழுத்துக்குப் போனது.

"எதைக் குடுத்துக் கேக்கிறது பிள்ளை? நான் நன்றியும் சொல்லிப்போட்டனே."

அந்தக் கிழமையும் போனது. ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை கரையில் மீன் வாங்க நின்றபோது கூட நின்ற இந்திராதேவி கேட்டாள்: "டொக்டரம்மா, மகள் எப்ப வாறா?"

"ஆனியில வாறாள்."

"லீவிலயோ?"

"ஓம்," என்றாள் மெற்றில்டா.